மிளகுக்கு அடியில் கல்பாசி: விஸ்கியை ருசித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன், வயது 29. சிங்கப்பூரிலிருந்து வந்த அம்மான் 12 வருடத்து ஸ்பேசைடு (ஸ்காட்லாந்தின் ஒரு வட்டாரம்) சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் 'வெனிலா, தேன், பேரிக்காய்' என்று போட்டிருக்கிறது. எனக்கு எரிச்சல் மட்டும்தான் தெரிகிறது. இதை எப்படி ருசித்துப் பார்ப்பது? தண்ணீர் ஊற்றினால் கெட்டுவிடுமா? திறந்த குப்பி எத்தனை நாள் தாங்கும்?

பதில்:

தம்பி, எரிச்சல் தெரிந்தது உங்கள் நாக்கின் குறை அல்ல. அந்த எரிச்சல் என்ன என்று புரிந்தால் மீதியெல்லாம் தானாக விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆல்கஹால் வாயில் பட்டதும் வரும் காந்தல் ஒரு சுவையே அல்ல. சூட்டை உணர்வதற்கென்று நம் நரம்பு முனைகளில் ஒரு வாங்கி இருக்கிறது. டிஆர்பிவி1 என்று பெயர். சாதாரணமாக அது 42 டிகிரி வாக்கில்தான் விழித்துக்கொண்டு 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். ஆல்கஹால் பட்டால் அந்த அளவு 34 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. உடம்பின் சூடே 37 என்பதால் வாய் தன் சொந்தச் சூட்டையே நெருப்பாக எடுத்துக்கொள்கிறது. மிளகாயில் இருக்கும் கேப்சைசினும் மிளகில் இருக்கும் பைப்பரினும் தட்டுவது இதே வாங்கியைத்தான்.

இப்போது உங்கள் வீட்டு மிளகுக் கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் முதல் துண்டை வாயில் வைத்தபோது உறைப்பைத் தவிர வேறு ஏதாவது தெரிந்ததா? இன்று அதே கோழியைச் சாப்பிட்டால், கல்பாசி போட்டார்களா, சோம்பு தூக்கலாக இருக்கிறதா, அன்னாசிப்பூ ஒன்று கூடிவிட்டதா என்று இலையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவீர்கள். உறைப்பு அப்படியேதான் இருக்கிறது. அதற்கு அடியில் இருப்பதைக் கேட்க உங்கள் வாய் பழகிவிட்டது. விஸ்கியில் செய்ய வேண்டியதும் இதுதான். செட்டிநாட்டில் பிறந்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

நான் தேவகோட்டைக்காரன். சிங்கப்பூரில் ஓர் ஓட்டல் பாரில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அங்கே மூத்தவராக இருந்த ஒரு தமிழ் அண்ணன் சின்னக் கிளாஸில் லஃப்ரோய்க் என்ற ஸ்காட்லாந்து விஸ்கியை ஊற்றி என் முன்னால் வைத்து, "என்ன வாடை வருதுன்னு சொல்லு" என்றார். புத்தகத்தில் படித்த ஆங்கில வார்த்தைகளைத் தேடிக்கொண்டு நின்றேன். "அதெல்லாம் வேண்டாம், உங்க ஊர்ல எங்க இந்த வாடை வரும்?" என்றார். யோசிக்காமல் இரண்டு சொன்னேன்: ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் டிங்சர், தொண்டிக் கடற்கரையில் தோணிக்குப் பூசும் கீல். இரண்டுமே சரி என்றார். அயோடின், தார், புகை என்று உலகம் முழுக்க அந்த விஸ்கியைப் பற்றிச் சொல்வதைத்தான் நான் என் ஊர்ப் பெயரில் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் குப்பி அட்டையில் உள்ள 'பேரிக்காய்' அதை எழுதியவர் வளர்ந்த வீட்டின் வாசனை. நீங்கள் பேரிக்காயோடு வளரவில்லை. அதைத் தேடினால் கிடைக்காது. கிடைக்காதபோது 'எனக்கு மூக்கில்லை' என்று தோன்றிவிடும். அட்டையைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

முதல் ஐந்து நாள் குப்பியைத் தொடவே வேண்டாம். அஞ்சறைப்பெட்டியை எடுங்கள். ஆத்தாவிடமோ மனைவியிடமோ சொல்லி, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே காட்டச் சொல்லுங்கள். கிராம்பு, பட்டை, ஏலம், சோம்பு, ஜாதிபத்திரி, மராட்டி மொக்கு, கல்பாசி. தினம் பார்க்கிற சாமான்தானே என்று நினைப்பீர்கள். கண்ணை மூடினால் பாதிக்குப் பெயர் வராது. 'தெரியும், ஆனால் சொல்ல வரவில்லை' என்று தொண்டையில் நிற்கும். வாசனை நினைவில் இருக்கிறது, சொல்லோடு முடிச்சுப் போடப்படவில்லை. அந்த முடிச்சைப் போடுவதுதான் பயிற்சி. மசாலா முடிந்ததும் சரக்கு அறைக்குப் போங்கள்: கருப்பட்டி, கொப்பரை, பேரீச்சை, உலர்ந்த திராட்சை, வறுத்த பாசிப்பருப்பு மாவு, புளி, பழைய தேக்குப் பெட்டியின் உள்பக்கம். இவையெல்லாம் பின்னால் கிளாஸுக்குள் வரப்போகிறவை.

ஏன் வரும் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கற்பனை போலத் தோன்றும். ஓக் மரத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் வாட்டும்போது அது உடைந்து வெனிலின் ஆகிறது. வெனிலாக் காயில் இருக்கும் அதே வெனிலின். அதே மரத்திலிருந்து கிராம்பின் யூஜினாலும் கொஞ்சம் வருகிறது. ஓக்கிலிருந்து வரும் லாக்டோன் ஒன்றுக்கு 'விஸ்கி லாக்டோன்' என்றே பெயர். அது தேங்காய் வாசனை அடிக்கும். நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிட்டேட், பழுத்த வாழைப்பழ வாசனைக்குக் காரணமான பொருள். ஆகவே ஒரு கிளாஸில் ரஸ்தாளியும் கொப்பரையும் கிராம்பும் மணக்கிறது என்று நீங்கள் சொன்னால், வாய்ஜாலம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

இனி குப்பி. நம் ஊரில் முதல் எதிரி வெயில். ருசி பார்க்க 20 டிகிரி வாக்கில் இருப்பது நல்லது. சித்திரை மாதக் காரைக்குடியில் அறைக்குள்ளேயே 35 இருக்கும்போது கிளாஸில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் எழும்பி மூக்கைக் குத்தும். மூடிய குப்பியை ஈரத்துணி சுற்றி மண்பானைப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள், அல்லது ஃப்ரிட்ஜ் கதவில் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் குளிர வைக்காதீர்கள். ஐஸ் போட்டால் எரிச்சல் அடங்கும், கூடவே வாசனையும் அடங்கிவிடும்.

கிளாஸ் வயிறு பருத்து வாய் குறுகியிருக்க வேண்டும், நம் சொம்பு மாதிரி. வயிற்றில் திரளும் வாசனை குறுகிய வாய் வழியாக மூக்குக்கு வரும். ஸ்காட்லாந்தில் இதற்கென்றே கிளென்கெய்ர்ன் என்ற கிளாஸ் இருக்கிறது. அது இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம்.

அளவு 20 மி.லி. இதில் நான் கண்டிப்பானவன். ருசிப்பதற்கு அதற்கு மேல் தேவையில்லை. இரண்டாவது கிளாஸிலேயே மூக்கு மந்தமாகத் தொடங்கும். மூன்றாவதில் நீங்கள் குடிக்கிறீர்கள், ருசிக்கவில்லை. இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் முகர்ந்தே முடித்துவிடுவார்கள், வாயில் வைத்தாலும் துப்பிவிடுவார்கள். நீங்களும் துப்பலாம், தவறே இல்லை. சர்க்கரைக்கோ ரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அன்றைக்கு வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் எத்தனை வீடுகளைக் குடி குலைத்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இதை நடுவில் நிறுத்திச் சொல்கிறேன்.

நேரம், சாப்பாட்டுக்கு முந்தைய மாலை. வெற்றிலை, காப்பி, பூண்டு எதுவும் ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. ஜவ்வாது, சென்ட் பூசிக்கொண்டு உட்காராதீர்கள். பக்கத்தில் மல்லிகைச் சரம் இருந்தாலும் கெடுக்கும்.

ஊற்றியவுடன் எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் காற்றோடு கிடக்கட்டும். பிறகு கிளாஸை நெஞ்சுக்கு நேரே பிடித்து மெல்ல உயர்த்துங்கள். எந்த உயரத்தில் முதல் வாசனை வருகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். ஒயினைப் போலச் சுழற்றி மூக்கை உள்ளே நுழைத்தால் நெடி மட்டுமே ஏறி, அடுத்த சில நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. வாயை லேசாகத் திறந்துகொண்டு முகருங்கள். குத்தல் பாதியாகக் குறையும். மூன்று தடவை முகர்ந்ததும் மூக்கு சலித்துவிடும். அப்போது உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். உங்கள் உடம்பு வாசனை உங்களுக்குப் பழகியது, மூக்கு அதில் இளைப்பாறும்.

வாசனையில் நம் மொழி எவ்வளவு நுட்பமானது என்பதை இங்கே பயன்படுத்துங்கள். மணம் வேறு, நெடி வேறு, வாடை வேறு, கமறல் வேறு. காய்ந்த மிளகாய் வதக்கும்போது தொண்டையில் பிடிப்பதைக் கமறல் என்கிறோம். சில இளம் விஸ்கிகளில் அது வரும். 'எரிகிறது' என்று மட்டும் எழுதாமல், நெடியா கமறலா என்று பிரித்து எழுதினாலே உங்கள் மூக்கு ஒரு படி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

முதல் வாய் ருசிக்க அல்ல, வாயைப் பழக்க. அரைத் தேக்கரண்டி எடுத்து நாக்கு முழுவதும் படரவிட்டு விழுங்கிவிடுங்கள். காந்தும். காந்தட்டும். ஒரு நிமிடம் பொறுத்து இரண்டாவது வாய். இப்போது அந்த வாங்கி கொஞ்சம் அடங்கியிருக்கும், அடியில் இருப்பது எழும்பும். நாக்கில் எங்கே இனிக்கிறது, எப்போது காரம் வருகிறது, கடைசியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். முக்கியமான இடம் இதுதான். 'ருசி' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறும் வாசனை. நம்பிக்கை இல்லையென்றால் ஏலக்காய் போட்ட மிட்டாய் ஒன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். வெறும் இனிப்புத்தான் தெரியும். விரலை எடுத்த கணத்தில் ஏலக்காய் வந்து நிற்கும்.

அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாக வைத்தவர்கள் நாம். ஓக் பீப்பாயில் அதிக நாள் கிடந்த விஸ்கியின் அடையாளமே அதுதான். ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறியவற்றில், அதிலும் ஐரோப்பிய ஓக் என்றால், மரத்தின் டானின் ஈறைப் பிடித்து இழுக்கும். கடுக்காய் கடித்த மாதிரி. அளவாக இருந்தால் நாவல்பழம், மிஞ்சினால் வெறும் பாக்கு.

இனி தண்ணீர். ஊற்றினால் கெட்டுவிடாது, ஊற்றாமல் விட்டால்தான் பாதி தெரியாமல் போகும். காய்ந்த கல்பாசியை எடுத்து முகர்ந்து பாருங்கள், மண்தூசி மாதிரி இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்த நொடியில்தான் வீடே மணக்கும். விஸ்கிக்குத் தண்ணீர் அப்படி ஒரு திறப்பு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர் 2017இல் கணினி வழியாக இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது ஆல்கஹாலால் சூழப்பட்டு உள்ளேயே கிடக்கிறது. 45 சதவீதமும் அதற்குக் கீழும் வரும்போது மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. மேற்பரப்பில் இருப்பதுதானே மூக்குக்கு வரும்.

எவ்வளவு ஊற்றுவது? சொட்டு மருந்து பில்லரால் சொட்டுச் சொட்டாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு சில சொட்டுக்கும் ஒரு முறை முகருங்கள். 43 சதவீதமுள்ள 20 மி.லி.யில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., ஊற்றினால் 35க்குச் சற்றுக் கீழே இறங்கும். பழகும் நாட்களில் அந்த அளவு எனக்குப் பிடித்தது. பெரிய கலவை வல்லுநர்கள் 20 சதவீதம் வரைகூட இறக்கி முகர்வார்கள், குறை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும் என்பதால். தண்ணீர் மட்டும் நல்லதாக இருக்கட்டும். போர்வெல் உப்புத் தண்ணீர் எதையும் பாழாக்கும். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் உங்களுக்கு, நல்ல தண்ணீர் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குப்பியை மட்டும் வைத்துக்கொண்டு வருடம் முழுக்க முகர்ந்தாலும் அதிகம் வளர முடியாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். மல்லியை மட்டும் முகர்ந்தவனுக்கு மல்லி தெரியாது, சீரகத்தையும் சேர்த்து முகர்ந்தவனுக்குத்தான் தெரியும். 50 மி.லி. சின்னக் குப்பிகளாக இரண்டு மூன்று கிடைத்தால் வாங்குங்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் பங்காளிகள் நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொன்று கொண்டுவந்து பகிர்ந்துகொள்ளுங்கள். ஸ்பேசைடு ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஷெர்ரி பீப்பாயில் ஊறிய ஒன்று வேண்டும், கிளென்ட்ரோனாக் 12 மாதிரி. உலர் திராட்சை, பேரீச்சை, கருப்பட்டிப் பாகு, கொஞ்சம் கிராம்பு. கந்தரப்பம் சுடும் சட்டிப் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கும். மூன்றாவது ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து ஒன்று: லஃப்ரோய்க், ஆர்ட்பெக், லகவுலின், எதுவானாலும். அங்கே சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடம் செடிகொடி மக்கி உண்டான பீட் என்ற கரிய மண்ணைக் கொளுத்தி, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்கள். புகை தானியத்திலேயே ஏறிவிடும். முதல் தடவை பலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்க ஆறு மாதம் ஆனது. இன்று எனக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தபிறகு உங்கள் ஸ்பேசைடுக்குத் திரும்புங்கள். போன வாரம் வெறும் எரிச்சலாக இருந்தது, இப்போது மாவுருண்டைக்கு வறுத்த மாவு, கொஞ்சம் தேன், ஒரு கீற்றுத் தேங்காய் என்று பிரிந்து நிற்கும். பெரும்பாலும் அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறியதால் அந்தத் தேங்காயும் வெனிலாவும். பர்பனுக்குப் புதிதாக உள்ளே கருக்கிய ஓக்கில்தான் ஊற வேண்டும் என்று அவர்கள் சட்டம். அதனால் ஒரு தடவை பயன்பட்ட பீப்பாய்கள் ஏராளமாக ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. பர்மாவிலிருந்து தேக்கு வந்து இறங்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். ஒரு மரம் கடல் தாண்டிப் போய் இன்னொரு ஊரின் குணமாகவே மாறிவிடுவது நமக்குப் புதிதில்லை.

அட்டையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். 12 என்பது உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளையதின் வயது. ஸ்காட்ச் என்றால் குறைந்தது 3 வருடம் ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும், 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலை, முளைகட்டிய பார்லி மட்டும், தாமிர வாலையில் வடித்தது. நிறத்தை நம்பாதீர்கள், ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு. கிளாஸ் ஓரத்தில் கண்ணீர் போல வழியும் கோடுகள் அழகுதான், தரத்துக்கு அத்தாட்சி இல்லை.

வயது கூடினால் தரம் கூடும் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது; அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் அதுவே 10 முதல் 12 சதவீதம். நம் தட்பவெப்பத்தில் மரம் வேகமாக வேலை செய்கிறது, அதனால் நான்கைந்து வருடத்திலேயே பீப்பாய் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. 2004இல் பெங்களூர் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டைக் கொண்டுபோய் கிளாஸ்கோவிலேயே வெளியிட்டது. அவர்களுடைய ஃப்யூஷன், இந்தியப் பார்லியும் ஸ்காட்லாந்தின் பீட் புகையேறிய பார்லியும் சேர்ந்தது, 50 சதவீதம். கோவாவில் பால் ஜான் இருக்கிறது. உங்களுக்கு நான்காவது கிளாஸ் ஒன்று வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். தண்ணீர் கொஞ்சம் தாராளமாக வேண்டும்.

நம்மூர் டாஸ்மாக் கடையில் விஸ்கி என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவை வேறு இனம். அவற்றில் பல, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த ஆல்கஹாலில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது. அங்கே தானியத்திலிருந்து எடுத்து 3 வருடமாவது மரத்தில் ஊறியிருக்க வேண்டும். அவற்றில் இந்த வாசனைகளைத் தேடி ஏமாற வேண்டாம்.

சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ருசி பார்க்கும்போது வேண்டவே வேண்டாம்; சுக்கா வறுவல் ஒரு துண்டு போனால் அன்றைய பயிற்சி முடிந்தது. முடித்தபிறகு ஷெர்ரி வகையோடு கவுனி அரிசி ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தேங்காயும் நெய்யும் ஏலமும் கிளாஸில் இருந்ததன் தொடர்ச்சியாகவே இருக்கும்.

கடைசிக் கேள்வி, குப்பி. ஒயினைப் போலப் படுக்க வைக்காதீர்கள். இவ்வளவு ஆல்கஹாலில் கார்க் அரித்து உதிரும். நிற்க வைத்து, வெயில் படாத உள்ளறை அலமாரியில் வையுங்கள். முற்றத்துப் பக்கம் வேண்டாம். திறக்காத குப்பி வருடக்கணக்கில் அப்படியே இருக்கும், உள்ளே வயது ஏறாது. திறந்தபின் முக்கால் பங்கு இருக்கும்வரை ஒரு வருடம்கூடத் தாங்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று சில மாதத்தில் வாசனையைத் தட்டையாக்கிவிடும். அப்போது சுத்தமான சின்னக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். குப்பியின் மேல் ஒரு சீட்டு ஒட்டித் திறந்த தேதியையும், அன்றைக்கு உங்களுக்கு என்ன மணந்தது என்பதையும் எழுதுங்கள். நீங்கள் அம்மானிடம் போனில் சொல்வதும் அதிலிருந்தே இருக்கட்டும்; 'நல்லா இருந்துச்சு அம்மான்' என்பதைவிட 'கொப்பரை வாசம் வந்துச்சு அம்மான்' என்று கேட்டால், அடுத்த முறை வரும்போது அவர் வேறு பீப்பாய் ஒன்றைத் தேடிக் கொண்டுவருவார்.